முதுகில் கை வைப்பதற்கு முன்

"முதுகு பிடிச்சுக்கிச்சு, இன்னைக்கே பார்க்க முடியுமா?" என்று ஒருவர் ஃபோனில் கேட்கும்போதே ஒரு ஆஸ்டியோபதி கிளினிக்கின் வேலை தொடங்கிவிடுகிறது. ஃபோனை எடுப்பவர் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மேஜையில் நான்கு கேள்விகள் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாமல் இருக்கிறதா, அல்லது போவதே தெரியாமல் போகிறதா? மலம் கசிகிறதா? உட்காரும் இடமும் தொடை இடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப் போயிருக்கிறதா? இரண்டு கால்களிலும் ஒரே சமயத்தில் வலியோ பலவீனமோ இறங்குகிறதா?

இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கக் கூடாது. "நீங்க இங்க வர வேண்டாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுக்குப் போங்க" என்று சொல்லி ஃபோனை வைக்க வேண்டும். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே நரம்புகள் குதிரைவால் மாதிரி கற்றையாகத் தொங்குகின்றன. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் (ஜவ்வு) பெரிதாகப் பிதுங்கி அந்தக் கற்றையை மொத்தமாக நசுக்கும்போதுதான் மேலே சொன்ன அறிகுறிகள் வரும். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் மணிக்கணக்கில் முடிவாக வேண்டியது. "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் போகச் செருகிய குழாயோடு இருக்க நேரலாம். சின்ன ஊர்க் கிளினிக்குக்கு இது இன்னும் முக்கியம். பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும், மனிதர்கள் முதலில் பக்கத்தில் இருக்கிற கதவைத்தான் தட்டுவார்கள்.

ஆஸ்டியோபதி என்றதும் கையால் செய்கிற சிகிச்சைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் ஒரு நல்ல கிளினிக்கின் தரத்தைக் காட்டுவது கை வைப்பதற்கு முன்னால் நடப்பவை: யாரைத் தொடுவது, யாரைத் தொடாமல் அனுப்புவது, எதைச் சரிசெய்ய முடியும் என்று வாக்குக் கொடுப்பது, எதற்கு வாக்குக் கொடுக்க மறுப்பது.

"ஆஸ்டியோ" என்றால் கிரேக்க மொழியில் எலும்பு. அந்தப் பெயரை வைத்து இதை எலும்பு வைத்தியம் என்று நினைத்துவிடுகிறோம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874-ல் இந்த முறையை அறிவித்தார். பாதரசம் கலந்த பேதி மருந்துகளை அன்றைய மருத்துவர்கள் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் 10 வருடம் முன்பு, 1864-ல், மூளைக்காய்ச்சல் அவர் வீட்டில் மூன்று குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. மருந்துகள் எதற்கும் உதவவில்லை என்ற கசப்பிலிருந்துதான் அவர் தேடல் தொடங்கியது. எலும்பும் மூட்டும் தசையும் சரியாக இயங்கினால் ரத்த ஓட்டம் சீராகும், ரத்த ஓட்டம் சீரானால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-ல் லண்டனில் ஒரு பள்ளியை நிறுவினார்.

அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆஸ்டியோபத் என்பவர் கையால் சிகிச்சை செய்பவர், மருந்து எழுதுபவர் அல்ல. பிரிட்டனில் 1993-ல் வந்த சட்டப்படி, பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். பல நாடுகளில் இப்படிப்பட்ட சட்டமே கிடையாது. நான்கு நாள் பயிற்சி முடித்தவரும் நான்கு வருடம் படித்தவரும் ஒரே மாதிரி பலகை மாட்டலாம். அதனால் பலகையில் இருக்கும் எழுத்துகளை மட்டும் பார்க்காதீர்கள். எங்கே, எத்தனை வருடம் படித்தார், எந்த அமைப்பில் பதிவு பெற்றிருக்கிறார், புகார் கொடுக்க வேண்டுமானால் யாரிடம் கொடுப்பது என்று நேராகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் முதுகைக் காட்ட வேண்டாம்.

ஸ்டில் சொன்ன எல்லாமே நிற்கவில்லை. எல்லா நோய்க்கும் மூல காரணம் எலும்பு இடம் மாறியதுதான் என்ற கருத்தை இன்றைய உடலியல் ஏற்காது. அவர் விட்டுச்சென்றதில் மதிக்க வேண்டியது, வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்காமல் ஆளை முழுதாகப் பார்க்கிற பழக்கம்.

கேட்பதில்தான் பாதி வேலை

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதில் முதல் 20, 25 நிமிடங்கள் பேச்சு. வலியைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை, கேட்கிறவர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். "சுரீர்னு கெண்டைக்கால் வரைக்கும் இறங்குது" என்பவர் நரம்பைப் பற்றிப் பேசுகிறார். "கடுப்பா இருக்கு, அமுக்கிவிட்டா சுகமா இருக்கு" என்றால் பெரும்பாலும் தசை. "விண்விண்ணுன்னு தெறிக்குது" என்றால் வீக்கமோ சீழோ இருக்கிறதா என்று பார்க்கத் தோன்ற வேண்டும். "மதமதன்னு இருக்கு" என்று சொல்வதை வலி என்று எழுதிவிடக் கூடாது, அது உணர்ச்சிக் குறைவு. "ராத்திரியெல்லாம் உள்ளுக்குள்ள குடையுது, எப்படிப் படுத்தாலும் அடங்கல" என்பதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். ஆள் சொல்கிற சொல்லை அப்படியே குறிப்பில் எழுதுவது நல்லது. "இடுப்பு வலி, இடப்பக்கம்" என்று சுருக்கி எழுதினால் அடுத்த முறை படிக்கும்போது பாதி தகவல் காணாமல் போயிருக்கும். சொல் ஒரு குறிப்பு மட்டுமே, அதை வைத்தே முடிவுக்கு வந்துவிடவும் கூடாது.

அந்தக் கேள்விகள் எவை? முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருக்கிறதா, காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறதா, காய்ச்சல், இரவில் வியர்வை உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார், சமீபத்தில் விழுந்தாரா. 70 வயதைத் தாண்டியவர் நாற்காலியிலிருந்து லேசாகச் சறுக்கி உட்கார்ந்தாலே முதுகெலும்பு நசுங்கி முறிந்திருக்கலாம். 65-க்கு மேற்பட்ட ஆண், புகைப்பவர், முதுகுவலியோடு வயிற்றில் ஏதோ துடிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார் என்றால் வயிற்று மகாதமனி வீங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும், முதுகை நீவக் கூடாது. 50-க்கு மேல் புதிதாக வந்த தலைவலி, மெல்லும்போது தாடை வலி, தலைவாரினால் உச்சந்தலை நோகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து உட்கார வைத்துவிடக் கூடாது. நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்காவிட்டால் பார்வை போய்விடும் ஆபத்து உண்டு.

அடிக்கடி தவறவிடப்படுவது இன்னொன்று. வயது முப்பதுக்குள், அல்லது முப்பதுகளில். காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு கட்டையாக இருக்கிறது, நடமாடினால் சரியாகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, விடியற்காலையில் வலி எழுப்பிவிடுகிறது. சாதாரண முதுகுவலி இதற்கு நேரெதிர்: வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். முதல் வகை முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆட்கள் வருடக்கணக்கில் ஒவ்வொரு கிளினிக்காக மசாஜுக்கு அலைகிறார்கள். அமுக்கும்போது கொஞ்சம் சுகமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. "காலையில எழுந்ததும் எப்படி இருக்கு?" என்ற ஒற்றைக் கேள்வி அந்த வருடங்களை மிச்சப்படுத்தும்.

மாத்திரைப் பட்டியலை வாய்மொழியாக வாங்காமல், அட்டைகளை எடுத்துவரச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, ஸ்டீராய்டு, எலும்பு மெலியும் நோய்க்கான மருந்து ஆகிய மூன்றும் சிகிச்சை முறையையே மாற்றிவிடும். "மாத்திரை எதுவும் சாப்பிடலைங்க" என்று சொல்பவரிடம், "மூலிகை, சத்து மாத்திரை, கேப்சூல் ஏதாவது?" என்று இன்னொரு முறை கேளுங்கள். பலர் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிற்கவைத்துப் பார்ப்பது

அடுத்த 10, 15 நிமிடம் பரிசோதனை. நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறார், குனியும்போது விரல்நுனி தரைக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே நிற்கிறது, எந்தத் திசையில் வளைந்தால் கால்வரை இறங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும். விரல்நுனியிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தை டேப் வைத்து அளப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் மூன்றாவது வருகையில் "முன்னேற்றம் இருக்கா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அந்த எண்ணில்தான் இருக்கும்.

காலுக்கு வலி இறங்கினால் நரம்புப் பரிசோதனை கட்டாயம். குதிகாலில் நடக்கச் சொல்வது, நுனிக்காலில் நடக்கச் சொல்வது, கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்துவது, முழங்காலிலும் குதிகால் நாணிலும் சுத்தியலால் தட்டுவது, பஞ்சால் தொட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்பது. மொத்தம் ஐந்து நிமிட வேலை. முழங்காலில் தட்டும்போது வரும் துடிப்பு மங்கினால் நான்காவது இடுப்பு நரம்பு, கட்டைவிரல் தூக்க முடியாவிட்டால் ஐந்தாவது, நுனிக்காலில் நிற்க முடியாமல் குதிகால் துடிப்பும் மங்கினால் அதற்குக் கீழே இருக்கும் முதல் திரிக நரம்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம். மல்லாந்து படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கும்போது 30-லிருந்து 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே சுரீரென்றால் நரம்பு வேர் எரிச்சலடைந்திருக்கிறது. தொடையின் பின்பக்கம் இழுப்பது மட்டும் என்றால் அது தசை இறுக்கம், எல்லோருக்கும் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "சயாட்டிகா" (காலுக்கு இறங்கும் நரம்பு வலி) என்று எழுதிக்கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. முதல் வருகையில் இருந்த கால் பலவீனம் அடுத்த வருகையில் கூடியிருந்தால் சிகிச்சையைத் தொடரக் கூடாது. அன்றே மருத்துவருக்குக் கடிதம்.

வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு எம்.ஆர்.ஐ. உறை இருக்கும். "ஜவ்வு விலகியிருக்காம், தேய்மானமாம்" என்று பயந்துபோய்ச் சொல்வார். அந்தப் பயத்தை முதலில் இறக்கிவைக்க வேண்டும். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். நரை மாதிரிதான் இதுவும். ஸ்கேன் காட்டுவதும் ஆள் சொல்கிற வலியும் பரிசோதனையில் தெரிந்த நரம்பும் ஒரே இடத்தில் பொருந்தினால் மட்டுமே அந்தப் படத்துக்கு அர்த்தம். விலகிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ளிவிடுவேன் என்று யாராவது சொன்னால் அது நடக்காத காரியம். டிஸ்க் இரண்டு எலும்புகளோடும் இறுக ஒட்டியிருக்கிற திசு, நழுவிப்போகிற வட்டு அல்ல. பிதுங்கிய பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது. அதுவரை வலியைத் தாங்கும்படி செய்வதும் ஆளை நடமாட வைப்பதும்தான் கிளினிக்கின் பங்கு.

கையின் வேலை

இப்போதுதான் சிகிச்சை மேஜை. மேஜை உயரம் சரியாக இல்லாவிட்டால் முதலில் கெடுவது சிகிச்சையாளரின் முதுகு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மடக்கிய விரல் முட்டி மேஜையைத் தொட வேண்டும். அழுத்தம் தோளிலிருந்து வரக் கூடாது, காலிலிருந்தும் உடல் பாரத்திலிருந்தும் வர வேண்டும். என்ன செய்யப்போகிறோம், எங்கே தொடுவோம், எந்த உடை விலக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். துணைக்கு ஒருவர் உடன் இருக்கலாம் என்பதை நோயாளி கேட்கும் வரை காத்திராமல் நாமே சொல்ல வேண்டும். கர்ப்பிணியை 20 வாரத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுக்க வேண்டும்.

பத்து வகைக் கைமுறைகள் இருந்தாலும் அதிகம் பயன்படுவது மூன்று நான்குதான்: தசையை நீவித் தளர்த்துவது, மூட்டை மெதுவாகத் திரும்பத் திரும்ப அசைப்பது, நோயாளியின் சொந்தத் தசை பலத்தையே பயன்படுத்துவது, சட்டென்று சொடுக்குவது. மூன்றாவதை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் ஆபத்து குறைவு, பலருக்கும் ஒத்துக்கொள்ளும், தப்பாகச் செய்யப்படுவதும் அதுதான்.

தொடையின் பின்தசை இறுகியிருக்கிறது என்று வையுங்கள். ஆள் மல்லாந்து படுக்கிறார். முழங்காலை நேராக வைத்துக் காலை மெல்லத் தூக்கிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் கைக்கு லேசான எதிர்ப்பு தட்டும். வலிக்கிற இடம் அது இல்லை, அதற்கு முன்பே வருவது. அங்கேயே நிறுத்திக் குதிகாலைத் தோளில் தாங்கிக்கொள்ள வேண்டும். "என் தோளைக் கீழே அமுக்குங்க, உங்க பலத்துல கால்வாசிக்கும் குறைவாப் போதும், மூச்சை விட்டுக்கிட்டே இருங்க." 5-லிருந்து 7 விநாடி. கால் அசையக் கூடாது, தோள் அப்படியே நிற்கும். "இப்ப விடுங்க." விட்ட உடனே தூக்கக் கூடாது. தசை உண்மையிலேயே தளர 2, 3 விநாடி ஆகும், ஒரு மூச்சு வெளியே போகட்டும். அப்புறம் புதிதாக எங்கே எதிர்ப்பு தட்டுகிறதோ அதுவரை கொண்டுபோய் மறுபடி. மூன்று முதல் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கால் சில டிகிரி மேலே போகும்.

எங்கே கெடுகிறது? ஆள் தன் முழுப் பலத்தையும் காட்டிவிடுகிறார், அப்போது பக்கத்துத் தசைகளும் சேர்ந்து இறுகிவிடும், சிகிச்சையாளர் தோளும் நோகும். மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். சிகிச்சையாளர் அவசரப்பட்டு, தளர்வதற்கு முன்பே இழுத்துவிடுகிறார், தசை பாதுகாப்புக்காக இன்னும் இறுகுகிறது. எல்லாவற்றையும்விட, எதிர்ப்பு தட்டும் இடத்தைத் தாண்டி வலிக்கிற இடத்தில் போய் நிற்கிறார். இந்த முறையில் வலி வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நரம்பு எரிச்சல் இருக்கும் காலில் இதைச் செய்தால் நரம்பைத்தான் இழுக்கிறோம், தசையை அல்ல. அதனால்தான் முன்னால் சொன்ன நரம்புப் பரிசோதனை.

சொடுக்குவதைப் பற்றி. நெட்டி முறிகிற சத்தத்தில் மனிதர்களுக்கு ஒரு அபார நம்பிக்கை. "சத்தம் கேட்டுச்சு, எலும்பு இடத்துக்கு வந்துடுச்சு" என்கிறார்கள். எலும்பு எங்கேயும் போகவில்லை, வரவும் இல்லை. மூட்டின் இரண்டு பரப்புகளுக்கு நடுவே பிசுபிசுப்பான திரவம் இருக்கிறது. பரப்புகள் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் விழுந்து வாயுக்குழி உருவாகிறது. 2015-ல் விரல் மூட்டை இழுத்து நெட்டி முறியும்போதே எம்.ஆர்.ஐ. படமாக எடுத்துப் பார்த்தார்கள். சத்தம் வந்த கணத்தில் அந்தக் குழி தோன்றுவது தெரிந்தது. அதே மூட்டு மறுபடி சத்தம் போடச் சுமார் 20 நிமிடம் ஆகும். முதுகெலும்பில் குறிவைத்த மூட்டுதான் சத்தம் போடும் என்பதற்கும் உறுதியில்லை, மேலேயோ கீழேயோ உள்ளதும் திறக்கலாம். சத்தம் வராமலே வலி குறைவதும் உண்டு, சத்தம் வந்தும் குறையாமல் இருப்பதும் உண்டு. சொடுக்கிய பிறகு கொஞ்ச நேரம் வலி மங்கி, அசைவு இலகுவாவது நரம்பு மண்டலம் அந்த இடத்தின் இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்துவதால்தான். அந்த இடைவெளியில் ஆளை நடக்கவும் குனியவும் பழக்க முடியும். சொடுக்கின் உண்மையான பயன் அதுவே.

நன்றாகச் சொடுக்குகிறவர் பலம் காட்ட மாட்டார். மூட்டில் இருக்கும் தொய்வு முழுவதையும் முதலில் மெல்ல இழுத்து எடுத்துவிடுவார், கடைசியில் தேவைப்படுவது சின்ன தூரம், அதிக வேகம். தொய்வை எடுக்காமல் பலத்தால் ஈடுகட்டப் பார்ப்பதில்தான் விலா எலும்பு முறிவதும் தசை கிழிவதும் நேர்கின்றன. எலும்பு மெலியும் நோய், நீண்டநாள் ஸ்டீராய்டு, எலும்பில் கட்டி, முடக்குவாதத்தால் தளர்ந்த மேல்கழுத்து, கூடிக்கொண்டே போகும் நரம்புப் பலவீனம், ரத்தம் உறையாமை மருந்து என்று எதிலாவது மாட்டினால் சொடுக்கு கிடையாது.

கழுத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கழுத்தை வேகமாகத் திருப்பிச் சொடுக்கியதைத் தொடர்ந்து, மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. மிக அரிது. கிழிசல் ஏற்கெனவே தொடங்கி, அந்த வலிக்காகவே ஆள் கிளினிக்குக்கு வந்திருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. எப்படியிருந்தாலும் சிகிச்சையாளர் செய்ய வேண்டியது ஒன்றே. "இதுவரைக்கும் இந்த மாதிரி வலி வந்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னாலோ, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்தல், நடையில் தள்ளாட்டம் இருந்தாலோ கழுத்தில் கை வைக்காமல் அவசரப் பிரிவுக்கு அனுப்புவது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், மெல்லிய அசைவும் பயிற்சியும் கழுத்துக்குப் போதுமான பலனைத் தரும்போது சொடுக்கை அவசரப்பட்டு எடுக்க வேண்டிய தேவை என்ன என்பது என் கேள்வி. பயணக் களைப்பில் இருப்பவரின் கழுத்தை யாரோ பிடித்து ஒரு திருப்பு திருப்பிவிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

மண்டையோட்டு எலும்புகளை விரலால் தொட்டு அவற்றின் லயத்தை உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு பிரிவும் ஆஸ்டியோபதியில் இருக்கிறது. அப்படி ஒரு லயத்தை இரண்டு சிகிச்சையாளர்கள் ஒரே ஆளிடம் தனித்தனியாக எண்ணினால் எண்கள் ஒத்துப்போவதில்லை. ஓயாமல் அழும் கைக்குழந்தைக்கு இதைச் செய்யச் சொல்லிப் பெற்றோர் வருகிறார்கள், அவர்கள் தவிப்பு புரிகிறது. நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பதையும், பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் அந்த அழுகை தானாகவே அடங்கிவிடும் என்பதையும் சொல்லி, காய்ச்சலோ பச்சை வாந்தியோ பால் குடிக்க மறுப்பதோ இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் அனுப்புவதுதான் உதவி. ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தத்தை முதுகெலும்பு வழியாகச் சரிசெய்வதாகச் சொல்வதும் இதே கணக்குதான்.

பக்கத்து அறைகள்

சின்ன கிளினிக்கில் வாடகை கட்டுவதற்காகவாவது ஊசிமருத்துவம் (அக்குபங்சர்), கப்பிங், மசாஜ், மூலிகை எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்துவிடும். அதில் தப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஒழுங்கு இருக்க வேண்டும்.

அக்குபங்சர் ஊசி கிருமிநீக்கம் செய்து மூடிய உறையிலிருந்து நோயாளியின் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், ஒரு முறைக்கு மேல் பயன்படக் கூடாது. வழக்கமாகப் பயன்படும் ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன்தான். 15, 20 நிமிடம் இருக்கும். குத்தியது எத்தனை என்று எழுதி வைத்து, எடுக்கும்போது எண்ணி, கூர்ப்பொருள் டப்பாவில் போட வேண்டும். ஒன்று குறைந்தால் துண்டையும் விரிப்பையும் தேடிவிட்டுத்தான் ஆளை எழுப்ப வேண்டும். முதல் தடவை உட்கார்ந்தபடி குத்தினால் மயங்கி விழுகிறவர்கள் உண்டு, படுக்கவைத்துச் செய்வது நல்லது. தோள்பட்டைக்கு மேலும் நெஞ்சுக்கூட்டிலும் ஆழமாக இறக்கினால் நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். தோள் தசையை விரலால் கிள்ளித் தூக்கிக்கொண்டு குத்துவது அதனால்தான். மூச்சுத் திணறலும் மூச்சு இழுக்கும்போது குத்தலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம், வந்தால் ஆஸ்பத்திரி என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

கப்பிங் என்பது கிண்ணத்தைத் தோலில் கவிழ்த்து, நெருப்பாலோ பம்பாலோ உள்ளே காற்றைக் குறைத்துத் தோலை உறிஞ்சவைப்பது, 5 முதல் 10 நிமிடம். கறுத்த வட்டங்கள் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் இருக்கும். அது "நச்சு வெளியேறுவது" இல்லை, தோலுக்கடியில் நுண்குழாய்கள் உடைந்த ரத்தக்கட்டு. நெருப்பைவிடக் கைப்பம்பு பாதுகாப்பு. ரத்தம் உறையாமை மருந்து எடுப்பவருக்கும் தோல் மெலிந்த முதியவருக்கும் வேண்டாம்.

மசாஜுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தொடவே கூடாது. ரத்தம் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம்.

மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற எண்ணத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரையின் வீரியத்தையும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வீரியத்தையும் குறைக்கும். மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்குப் பெருகலாம். ஜின்கோ, ரத்தம் உறையாமை மருந்தோடு சேர்ந்தால் கசிவைக் கூட்டலாம். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கொடுக்கிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கிளினிக்கில் எவருக்கும் கிடையாது.

இவற்றுக்கெல்லாம் ஆதாரம் எவ்வளவு? பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2016-ல், முதுகுவலிக்குக் கைச்சிகிச்சையைத் தனியாகக் கொடுக்காதீர்கள், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் கொடுங்கள் என்றது. அக்குபங்சரை வேண்டாம் என்றது. 2017-ல் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, திடீர் முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், கைச்சிகிச்சை ஆகியவற்றைச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நாள்பட்ட முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை, மசாஜ், அக்குபங்சர் ஊசி மூன்றையும் நிபந்தனையோடு ஏற்றது, இழுவை சிகிச்சையையும் இடுப்புப் பட்டையையும் வேண்டாம் என்றது. பெரிய அமைப்புகளே சில இடங்களில் வேறுபடுகின்றன, காரணம் பலன் சுமாரானது என்பதுதான். முதுகுவலி, கழுத்துவலிக்குக் கைச்சிகிச்சை கொஞ்சம் உதவும். அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லை நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மேஜையை விட்டு இறங்கிய பிறகு

சிகிச்சைக்குப் பின் 24 முதல் 48 மணி நேரம் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி வலிக்கலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆள் பயந்துவிடுவார். அந்த நேரம் தாண்டியும் கூடிக்கொண்டே போனால், புதிதாக மரத்துப்போனால், கால் துவண்டால் ஃபோன் செய்யச் சொல்ல வேண்டும்.

வீட்டுப் பயிற்சி ஒன்று அல்லது இரண்டு போதும். எட்டுப் பயிற்சி படம் போட்ட தாளை மடித்துப் பையில் வைப்பவர் எதையும் செய்யமாட்டார். அந்த இரண்டையும் கிளினிக்கிலேயே அவரைச் செய்யவைத்துப் பார்த்து, பல் தேய்த்த பிறகு, மதியம், படுக்கும் முன் என்று நாளின் எந்த நேரத்தில் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து அனுப்புங்கள். படுக்கையில் கிடப்பது முதுகுக்கு நல்லதல்ல. வலி அனுமதிக்கிற அளவு நடை, வழக்கமான வேலை.

எத்தனை தடவை வர வேண்டும்? மூன்று, நான்கு வருகைக்குள் டேப் அளவிலோ தூக்கத்திலோ நடையிலோ மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதையே இன்னும் நான்கு தடவை செய்வதில் பொருளில்லை. நோயறிதலை மறுபடி யோசிக்க வேண்டும், அல்லது வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். முதல் நாளே 20 சிட்டிங்குக்கு முன்பணம் வாங்குகிற இடமும், நன்றாக இருப்பவரையும் "எலும்பு நகராமப் பார்த்துக்க மாசா மாசம் வாங்க" என்று அழைக்கிற இடமும் நோயாளியைப் பயத்தில் வைத்துச் சம்பாதிக்கின்றன. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

சின்ன ஊருக்கென்று இரண்டு விஷயங்கள். வரவேற்பறையும் சிகிச்சை அறையும் ஒரு மெல்லிய தடுப்பால்தான் பிரிந்திருக்கும். உள்ளே சொன்னது வெளியே காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தால் அடுத்தவர் சிறுநீர் பிரச்சினையைச் சொல்லவே மாட்டார். ஃபோனில் கேட்ட அந்த நான்கு கேள்விகளும் வீணாகிவிடும். கதவோ, வெளியே ஓடும் ஒரு ரேடியோவோ தேவை.

இன்னொன்று, ஊர் மருத்துவருக்கு எழுதும் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அவர் படிக்கமாட்டார். முதல் வரியில் என்ன வேண்டும் என்பது இருக்க வேண்டும்: "இவருக்கு முதுகெலும்பு மூட்டு அழற்சி நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளின் படமும் பார்க்கக் கோருகிறேன்." அடுத்து எத்தனை வாரமாக, காலை விறைப்பு எத்தனை நிமிடம், எந்த வயது. பிறகு பரிசோதனையில் கண்டது, துடிப்புகள், பலம், எண்களோடு. செய்த சிகிச்சை, அதன் பலன், பலன் இல்லையென்றால் அதையும். கடைசியில் தேதி, கையெழுத்து, ஃபோன் எண். "முதுகெலும்பு மூன்றாவது கண்ணி வலப்பக்கம் திரும்பியிருக்கிறது" என்பது போன்ற ஆஸ்டியோபதிக் குழூஉக்குறி வேண்டாம், படிக்கிற மருத்துவருக்கு அது எதையும் சொல்லாது. கடிதத்தின் நகல் ஒன்றை நோயாளியின் கையில் கொடுத்து, வரிக்கு வரி படித்துக் காட்டி, அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். பத்து நாள் கழித்து, பார்த்தாரா என்று ஃபோன் செய்யத் தேதியை நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.